ஒரு வரியும் அதன் அண்டை வரிகளும்

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாற்று மாணவன்)



காசிமேட்டிலோ தண்டையார்பேட்டையிலோ ஒருவர் வீட்டைத் தேடிச் சென்றவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருக்கும். கதவு எண்ணை மட்டும் சொன்னால் யாரும் வழி காட்டமாட்டார்கள். பழைய எண்ணா, புதிய எண்ணா என்ற குழப்பமே தீராது. "ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்துச் சந்து, பம்புக்கு எதிர் வீடு" என்று அண்டை அயலைச் சொன்னால்தான் வீடு கிடைக்கும். ஓர் இடத்தை அறியச் சுற்றுப்புறம் வேண்டும். எழுத்துக்கும் இதுவே விதி. ஒரு பெரிய கோப்பிலிருந்து ஒரு வரியை மட்டும் பிடுங்கி எடுத்தால் அதன் பொருள் பல நேரங்களில் விளங்குவதில்லை. சில நேரங்களில் தவறாகவே விளங்கிவிடுகிறது.

கணிப்பொறியில் ஒரு சொல்லைத் தேடி, அச்சொல் இருக்கும் வரியோடு அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளையும் எடுக்கும் முறையை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன். வரலாறு படிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். எனக்கு இது வகுப்பறையில் கிடைத்த பாடமன்று. எங்கள் வீட்டில் ஏற்பட்ட ஒரு சங்கடம் கற்றுக்கொடுத்த பாடம்.

எடைமேடையில் நேர்ந்தது

என் சித்தப்பா எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சரக்கு யார்டில் எடைமேடை ஆபரேட்டர். துறைமுகத்திற்குப் போகும் டிரெய்லர் லாரிகள் மேடைமேல் ஏறி நிற்கும். எடை திரையில் தெரியும். பொத்தானை அழுத்திப் பதிவு செய்து சீட்டைக் கொடுப்பது அவர் வேலை. சென்ற ஐப்பசி மழையில் பல லாரிகளின் எடை பதிவாகாமல் போயிற்று. மேலாளர் ஒரு தாளை எடுத்து மேசைமேல் போட்டார். அதில் 17 வரிகள். ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், சித்தப்பாவின் பெயர், "சேவ் ஃபெயில்டு" என்ற சொற்கள். அதாவது, பதிவு தோல்வி. "கவனக்குறைவு, சம்பளத்தில் பிடிப்போம்" என்று கூறிவிட்டார்கள்.

சித்தப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "கம்ப்யூட்டரே சொல்லுதுன்றாங்க நைனா. நான் இன்னா சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றார். பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்த மனிதரின் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அந்த 17 வரிகளும் பொய்யல்ல. ஆனால் அவை ஒரு பெரிய பதிவேட்டிலிருந்து பொறுக்கப்பட்டவை. எடைமேடை மென்பொருள் தான் செய்யும் ஒவ்வொரு செயலையும் ஒரு வரியாக எழுதி வைத்துக்கொண்டே போகும். இத்தகைய கோப்பை 'லாக்' என்பர். ஒரு மாதத்திற்கு அதில் 60,000 வரிகளுக்குமேல் இருந்தன. சித்தப்பா மேலாளரிடமே கேட்டு, அனுமதியுடன் அக்கோப்பைப் பென் டிரைவில் வாங்கி வந்தார். என் அக்காவுக்குப் பள்ளியில் அரசு வழங்கிய மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் இருந்தது. அதைத் திறந்து உட்கார்ந்தோம்.

கிரெப் என்னும் கருவி

லினக்ஸ் இயங்கும் கணிப்பொறியில் ஆணைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புத் திரை ஒன்று உண்டு. அதில் 'கிரெப்' என்று ஓர் ஆணை. தேடவேண்டிய சொல்லையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால், அச்சொல் உள்ள வரிகளை மட்டும் அது எடுத்துக் காட்டும்.

கிரெப் 'ஃபெயில்டு' எடைப்பதிவு

இவ்வாணைகளை ஈண்டு தமிழெழுத்தில் அச்சிட்டிருக்கிறேன். விசைப்பலகையில் ஆணையின் பெயரையும் அதன் குறிகளையும் ஆங்கில எழுத்துகளில் அடித்தல் வேண்டும். நான் அடித்ததும் அதே 17 வரிகள் திரையில் வந்தன. மேலாளர் பார்த்ததும் இவ்வளவுதான்.

இனித்தான் நாம் அறியவேண்டிய மூன்று குறிகள் வருகின்றன. மூன்றும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள்; ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறு கோடு இடவேண்டும்.

'-ஏ' என்பது 'பின்' எனப் பொருள்படும் 'ஆஃப்டர்' என்ற சொல்லின் முதலெழுத்து. '-ஏ 3' என்றால் கிடைத்த வரியும் அதற்குப் பின்வரும் மூன்று வரிகளும் வரும்.

'-பி' என்பது 'முன்' எனப் பொருள்படும் 'பிஃபோர்' என்பதன் முதலெழுத்து. '-பி 3' என்றால் முந்தைய மூன்று வரிகளும் சேர்ந்து வரும்.

'-சி' என்பது 'சூழல்' எனப் பொருள்படும் 'கான்டெக்ஸ்ட்' என்பதன் முதலெழுத்து. '-சி 3' என்றால் இருபுறமும் மும்மூன்று வரிகள் வரும்.

முந்தைய வரிகளைக் கருவி எப்படி அறிகிறது? கோப்பை அது மேலிருந்து கீழாகத்தான் படிக்கிறது. ஆனால் படித்த பகுதியில் கொஞ்சத்தைத் தன் நினைவில் வைத்திருக்கிறது. தேடும் சொல் அகப்பட்டதும், அந்நினைவில் பின்னோக்கிச் சென்று வேண்டிய அளவு வரிகளை எடுத்துக் கொடுக்கிறது.

எத்தனை வரி எடுப்பது?

முதலில் '-பி 2' என்று கொடுத்தேன். ஒவ்வொரு தோல்விக்கும் முன்னால் "மறுமுயற்சி" என்ற பொருளுடைய வரிகளே தெரிந்தன. சித்தப்பா பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தியிருக்கிறார் என்பது மட்டும் புலனாயிற்று. ஏன் அழுத்தினார் என்பது தெரியவில்லை. பிறகு எண்ணை எட்டாக்கினேன்.

கிரெப் -என் -பி 8 'ஃபெயில்டு' எடைப்பதிவு

இதில் '-என்' என்பது சிறிய எழுத்து. கோப்பில் அது எத்தனையாவது வரி என்பதைக் காட்டும். அவ்வாறு காட்டும்போது ஒரு நுட்பம் உண்டு. தேடிய சொல் உள்ள வரியின் எண்ணுக்கு அடுத்து முக்காற்புள்ளி போன்ற இரு புள்ளிகள் வரும். அண்டை வரிகளின் எண்ணுக்கு அடுத்துச் சிறு கோடு வரும். எது கிடைத்த வரி, எது துணைக்கு வந்த வரி என்று கண்ணால் பிரித்துவிடலாம். ஒரு தொகுதி முடிந்து தொலைவிலுள்ள அடுத்த தொகுதி தொடங்கும் இடத்தில் இரண்டு கோடுகள் மட்டும் உள்ள ஒரு வரி எல்லைக்கல் போல நிற்கும். இரண்டு தொகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், பொதுவான வரியை இருமுறை அச்சிடாமல் ஒரே தொகுதியாகச் சேர்த்துவிடும்.

எட்டு வரி மேலே சென்றதும் காரணம் தெரிந்துவிட்டது. அங்கே "வெயிட் அன்ஸ்டேபிள்", அதாவது எடை நிலையாக நிற்கவில்லை என்ற வரி இருந்தது. எடைமேடைக்கு அடியில் 'லோடு செல்' என்னும் உணர்கருவிகள் உள்ளன. அவற்றின் கம்பிகள் எல்லாம் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் வந்து சேரும். அதில் ஈரம் புகுந்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடும் எடையைப் பதிய மென்பொருள் மறுத்துவிடும். மறுக்கும்போது அந்நேரத்தில் பொறுப்பிலிருக்கும் ஆபரேட்டரின் பெயரையும் சேர்த்து எழுதிவிடும். பெயர் இருந்ததற்கு அவ்வளவே பொருள்.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. 17 இடங்களில் 15இல்தான் இவ்வாறு இருந்தது. எஞ்சிய இரண்டில் எடை ஆடவில்லை. பதிவு முடியுமுன் திரை மூடப்பட்டிருந்தது. நான் சித்தப்பாவைப் பார்த்தேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். "அந்த ரெண்டு என் தப்புதான். வண்டி க்யூ கட்டி நிக்குது, டிரைவருங்க ஹாரன் அடிக்கிறான், அவசரத்துல மூடிட்டேன். அதையும் சேர்த்தே எடு" என்றார். 17 தொகுதிகளையும் ஒன்றுவிடாமல் அச்செடுத்துக் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பார்த்தார்களாம், உள்ளே தண்ணீர். சம்பளப் பிடித்தம் நின்றது. அந்த இரண்டிற்காக ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைச் சித்தப்பா மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் வழக்கம்போல் இரவுப்பணிக்குப் போனார்.

சுற்றுவரிகள் நமக்குச் சாதகமாக மட்டுமே பேசுவதில்லை. அதனாலேயே அவை சாட்சியாகின்றன.

இக்கருவி பிறந்த கதை

கிரெப் ஆணையை 1973ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் உருவாக்கினார். அப்போது 'எட்' என்னும் திருத்தி ஒன்று வழக்கில் இருந்தது. "கோப்பு முழுவதும், இந்த அமைப்புள்ள வரிகளைத் தேடி, அச்சிடு" என்பதற்கு அதில் இட்ட ஆணையின் எழுத்துகளே ஒன்றாகச் சேர்ந்து 'கிரெப்' என்ற பெயராயின. அதே கூடத்தில் பணிபுரிந்த பிரையன் கெர்னிகன் இதுபற்றி ஒரு செய்தி கூறியிருக்கிறார். லீ மக்மஹான் என்பவர் 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகளை ஆராய விரும்பினார். 1787-88இல் புனைபெயரில் வெளியான அந்த 85 கட்டுரைகளில் சிலவற்றை எழுதியவர் யார் என்பது அறிஞரிடையே விவாதப்பொருள். கட்டுரைத் தொகுதியோ திருத்தியில் அடங்காத அளவு பெரிது. அத்தேவைக்காகவே தேடும் பகுதியைத் தாம்சன் தனிக்கருவியாக்கிக் கொடுத்தாராம்.

இதை நம் கலைக்கல்லூரி நண்பர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். பொறியாளர் கருவி என்று நாம் ஒதுக்கிவைப்பது ஒரு பழைய நூலின் ஆசிரியரைக் கண்டறியும் ஆவலோடு தொடர்புடையது. அண்டை வரிகளைக் காட்டும் குறிகள் தாம்சனின் முதற்கருவியில் இல்லை; பின்னாளில் குனு திட்டத்தார் எழுதிய கிரெப்பில் அவை இடம்பெற்றன.

சூழலோடு அடுக்கிக் காட்டும் முறை நம்மவர்க்கும் புதிதன்று. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட சிந்துவெளி எழுத்துத் தொகுப்பு, கணிப்பொறியின் துணையால் ஆக்கப்பட்ட தொடரடைவாகும். ஒவ்வொரு குறியீடும் எந்தக் குறியீடுகளுக்கு இடையே வருகிறது என்பதை அது வரிசைப்படுத்திக் காட்டுகிறது. படிக்கப்படாத எழுத்துக்கு அண்டை எழுத்தே முதல் தடயம்.

திருவொற்றியூர்க் கல்வெட்டுகளில்

எடைமேடை விவகாரம் முடிந்ததும் இம்முறையை என் பாடத்திலேயே சோதித்துப் பார்த்தேன். நம் பகுதியின் பழம்பெருமைக்குச் சான்றாக நிற்பது திருவொற்றியூர்த் தியாகராசர் கோயில். பல்லவர் காலம் தொட்டுக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. முதலாம் இராசேந்திர சோழன் (1014-1044) காலத்தில் தூங்கானை மாட வடிவிலான கருவறை கற்றளியாக எடுக்கப்பட்டது. கட்டியவன் இரவி என்னும் வீரசோழத் தச்சன். எடுப்பிக்கச் செய்தவர் சதுரானன பண்டிதர். நூலகத்திலுள்ள தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைப் பார்த்து, நானும் நண்பர் இருவரும் இக்கோயிற் கல்வெட்டுகளில் நாற்பதைக் கணிப்பொறியில் ஏற்றினோம். ஒவ்வொரு கல்வெட்டுக்கும் இடையே ஒரு வெற்றுவரி விட்டோம்.

எந்தெந்த அரசர் காலத்தில் விளக்குக் கொடைகள் வந்தன என்பது என் ஒப்படைப்பின் கேள்வி. அணையா விளக்கு கல்வெட்டுகளில் நந்தா விளக்கு என்றும் நுந்தா விளக்கு என்றும் வரும். சில இடங்களில் சேர்த்தும், சில இடங்களில் பிரித்தும் அச்சிட்டிருப்பர். ஆகவே இப்படித் தேடினேன்:

கிரெப் -பி 10 'ந்தா *விளக்க' ஒற்றியூர்

முதலெழுத்தை விட்டுவிட்டதால் இரண்டு வடிவமும் அகப்படும். இடைவெளிக்குப் பின்னுள்ள உடுக்குறி, "இடைவெளி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று பொருள்படும். கொடையைக் கூறும் வரியில் அரசன் பெயர் இராது. மங்கலச் சொல், மெய்க்கீர்த்தி, அரசன் பெயர், ஆட்சியாண்டு ஆகியவை முதலில் வரும்; நாடும் ஊரும் அடுத்து வரும்; கொடையும் காப்புரையும் அதன்பின் வரும். எனவே பத்து வரி முன்னால் எடுத்தால் அரசன் கிடைப்பான் என்று எண்ணினேன்.

அங்கேதான் இடறினேன். சிறிய கல்வெட்டு ஐந்து வரியில் முடிந்துவிடும். பத்து வரி மேலே போனால் முந்தைய கல்வெட்டுக்குள் நுழைந்துவிடுகிறோம். ஒரு சோழர் காலக் கொடையை அதற்கு மேலிருந்த பல்லவ மன்னன் கணக்கில் எழுதிவிட்டேன். எங்கள் பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரர் தகப்பனாரை இந்த வீட்டுப் பிள்ளைக்குத் தகப்பனாராக்கிவிட்டாயே!" என்றார். வகுப்பே சிரித்தது. இராசேந்திரனின் நீண்ட மெய்க்கீர்த்தி உள்ள கல்வெட்டிலோ பத்து வரியும் போதவில்லை. சித்தப்பாவுக்கு எண்ணைக் கூட்டியது உதவிற்று. எனக்கு அதுவே கேடாயிற்று.

வரிகளை எண்ணாமல் எல்லையைச் சொல்லுதல்

இத்தகைய இடத்திற்கு 'ஆக்' என்ற வேறொரு ஆணை பொருந்தும். 1977இல் அதை உருவாக்கிய ஆஹோ, வைன்பர்கர், கெர்னிகன் ஆகிய மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயர்.

ஆக் -வி ஆர்எஸ்= '/ந்தா *விளக்க/' ஒற்றியூர்

'ஆர்எஸ்' என்பது ஒரு பதிவு எங்கே முடிகிறது என்று கூறும் குறி. அதை வெறுமையாக விட்டால், வெற்றுவரி வரையிலுள்ள பகுதி முழுவதையும் ஒரே பதிவாக அக்கருவி கொள்ளும். விளக்கு எந்த வரியிலிருந்தாலும் அக்கல்வெட்டு முழுவதும் வெளிவரும். அண்டைக் கல்வெட்டில் ஒரு வரிகூட வராது. முழுப்பதிவும் தேவையில்லை, ஓரிடத்திலிருந்து மற்றோர் இடம்வரை போதும் என்றால் 'செட்' என்னும் ஆணை உதவும். தொடக்கச் சொல்லையும் முடிவுச் சொல்லையும் கொடுத்தால் இடைப்பட்ட வரிகளை அது தரும்.

ஆக, விதி இதுதான். எல்லை தெரியாத, தொடர்ந்து ஓடும் பதிவேட்டில் கிரெப்புக்கு எண் கொடுத்துத் தேடுக. சிறிய எண்ணில் தொடங்கிக் காரணம் புலப்படும்வரை கூட்டுக. எல்லை தெளிவாக உள்ள நூலில் எண்ணை நம்பாமல் எல்லையையே சொல்லுக.

தமிழில் தேடுவோர்க்குச் சில எச்சரிக்கைகள்

முதலாவது, புள்ளி. 'கடல்' என்று தேடினால் 'கடலில்', 'கடலோரம்' ஆகியவை வாரா. கணிப்பொறிக்குள் 'ல்' என்பது லகரமும் புள்ளியும். 'லி' என்பது லகரமும் மேல்விலங்கும். எனவே புள்ளியை நீக்கிக் 'கடல' என்று தேடினால் எல்லாம் வரும். ஆனால் மெரினாக் கடற்கரையில் விற்கும் வறுத்த கடலையும் கூடவே வரும்! அப்போது அண்டை வரிகளைப் பார்த்தே பொருளை முடிவு செய்தல் வேண்டும்.

இரண்டாவது, ஒகர உயிர்மெய். 'பொன்' என்பதிலுள்ள 'பொ'வை ஒரே உயிர்க்குறியாகவும் உள்ளிடலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று; கிரெப்புக்கு வேறு வேறு. மூன்று பேர் தட்டச்சு செய்த எங்கள் கோப்பில் இக்கோளாறு இருந்தது. முதலில் எல்லாவற்றையும் ஒரே முறைக்கு மாற்றிய பிறகே தேடுதல் நலம்.

மூன்றாவது, வரி முறிவு. கல்லில் இடமில்லாத இடத்தில் சொல் பாதியில் முறிந்து அடுத்த வரிக்குப் போகும். பதிப்பிலும் அவ்வாறே அச்சிட்டிருப்பர். 'திருவொற்' ஒரு வரியிலும் 'றியூர்' அடுத்த வரியிலும் இருந்தால் முழுச்சொல்லைத் தேடும் கிரெப் அதைக் காணாது. 'றியூர' என்ற பின்பாதியை '-பி 1' உடன் தேடினால் முன்வரியும் சேர்ந்து வந்து சொல் முழுமை பெறும்.

நான்காவது, எழுத்தளவு. பெரிய 'சி' சூழலைக் காட்டும்; சிறிய 'சி' வரிகளை எண்ணிக்கையாக மட்டும் சொல்லும். "17" என்ற எண் ஒன்றே திரையில் வந்தால் பதறவேண்டாம். எழுத்தை மாற்றி அடித்தால் போதும்.

முடிவுரை

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பயனாய்ப் பழந்தமிழ் நூல்கள் பல இன்று கோப்புகளாகவே கிடைக்கின்றன. சங்கத்தொகை நூல்களில் பாடியவர் பெயர் பாட்டின் அடியில் குறிக்கப்பட்டிருக்கும் இடங்களில் '-ஏ' குறி எவ்வளவு உதவும் என்பதைத் தமிழ்த்துறை நண்பர்கள் செய்து பார்த்து மகிழலாம். பொருளியல் மாணவர் விலைப்பட்டியல்களிலும், வேதியியல் மாணவர் எண்ணூர்க் காற்றின் மாசு அளவீடுகளிலும் இதே முறையைக் கையாளலாம். செய்முறையில் ஐயமுள்ளோர் உணவு இடைவேளையில் கணிப்பொறிக் கூடத்திற்குத் தத்தம் கோப்புடன் வந்தால் நாங்கள் மூவரும் உடனிருந்து உதவக் காத்திருக்கிறோம்.

சித்தப்பா இப்போது இரவில் எடை ஆடத் தொடங்கினால், பொத்தானை அழுத்துமுன் ஒரு சிறு நோட்டில் நேரத்தைக் குறித்து வைக்கிறார். "மெஷின் ஒரு வரி எழுதினா, நான் அதுக்கு மேல ஒரு வரி எழுதி வெச்சுக்குறேன் நைனா" என்கிறார். ஒரு வரியைக் காட்டி ஒருவரைக் குற்றவாளி என்றோ ஓர் அரசனை வள்ளல் என்றோ யாரேனும் கூறினால், அதற்கு மேலும் கீழும் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்போமாக. அக்கேள்விக்கு விடை தேடும் கருவி நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.